ஹால் விளக்கின் குமிழ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் தலைவலி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்பதுதான் அடுத்த வரியாக வர வேண்டும், இதுவரை அப்படித்தான் எழுதினேன், போனிலும் அதையேதான் சொன்னேன், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வர மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா, குட்டிக்குப் பல் விழுந்ததா என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதுவும் போதாதென்று நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறாள். கடிதம் என்றால் யாரும் குறுக்கே வர முடியாது. பஸ் ஓட்டி ரிட்டயரானவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று நினைக்காதே, டிப்போவில் பாதிப் பேருக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவன் நான்தான், அதில் நான் சாகடித்த பெரியப்பாக்களுக்குக் கணக்கே கிடையாது. அப்படிப் பொய்யாகவே எழுதிப் பழகிய கையால் இன்றைக்கு நிஜத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய டிம்மர் சுவிட்சுகளை மாட்டியாகிவிட்டது என்று சொன்னேனே தவிர மாட்டின கதையைச் சொல்லவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில்தான் அம்மாவுக்குத் தடுமாற்றம் அதிகம், மூலையில் நிழல் விழுந்தால் யாரோ நிற்கிறார்கள் என்று அழுகிறாள், திடீரென்று விளக்கைப் போட்டால் தூக்கிவாரிப் போடுகிறது என்று நான் புலம்பியதை வைத்து, நீ அங்கே யார் யாரையோ விசாரித்து, விளக்கையெல்லாம் திருகிக் கூட்டுகிற மாதிரி வைத்துவிட்டால் வெளியே இருட்ட இருட்ட உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போகலாம், பொழுது போனதே அம்மாவுக்குத் தெரியாது என்று சொன்னாய். நல்ல யோசனைதான் பாப்பா, இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் தெருமுனை எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன், சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் தெருவே டெஸ்டர் என்று கூப்பிடுகிற அதே ஆள். ஃபேன் ரெகுலேட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி இது, அரை நாள் வேலை என்று சொல்லிக்கொண்டு வந்தான். போர்டைக் கழற்றினால் உள்ளே பெட்டிக்கு ஆழம் போதவில்லை, டிம்மரின் முதுகு பெரிது, சுவரைக் குடைய வேண்டும் என்றான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சோபா, டிவி, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றின் மேலும் சிமெண்ட் தூசி, அம்மா துடைப்பத்தோடு அவன் பின்னாலேயே நடந்து, பெருக்கின இடத்திலேயே நிற்காதே என்று அவனை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக மாட்டி மெயினைப் போட்டால் பல்பு கண்ணடிக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் வண்டு மாதிரி ரீங்காரம் வேறு. அவன் தலையைச் சொறிந்து சொறிந்து யோசித்து, பழைய பல்பெல்லாம் டிம் ஆகாத பல்பு, இதற்கென்று தனிப் பல்பு இருக்கிறது என்று பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னான், அது டிம்மர் வந்த அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது, நம் குட்டியே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கும். பல்பு மாற்றினதும் டிம்மரின் குமிழைத் திருகத் திருக வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. ஆயுசு முழுக்க எதிரே வருகிற லாரிக்காரனுக்கு டிம் அடித்தேன், இனி வீட்டுக்குள்ளேயே டிம் அடிக்க வேண்டியதுதான் என்று டெஸ்டரிடம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொண்டு படி. அம்மாவுக்கு மறதி என்று உனக்குத் தெரியும். சாவியை மறக்கிறாள், அடுப்பை மறக்கிறாள், கிழமையை மறக்கிறாள், இதெல்லாம் சொல்லியிருக்கிறேன். என்னை மறந்துவிட்டாள் என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உனக்கே தெரியும், எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ‘ஏங்க’தான். கோபம் என்றால் நீட்டி ஒரு ஏங்க, ஆட்கள் இருந்தால் சுருக்கி ஒரு ஏங்க, நான் தூங்குகிற மாதிரி நடித்தால் காதோரம் ஒரு ஏங்க. அதைக் கேட்டுக் கேட்டு அதுதான் என் பெயர் என்றே ஆகிவிட்டது. டிம்மர் வருவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஹால் விளக்கைப் போட்டேன், அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பார்த்துவிட்டு, “யாரைப் பாக்கணும் பெரியவரே? அவர் டூட்டிக்குப் போயிருக்கார், வர நேரமாகும்” என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். இரண்டடி பின்னால் நகர்ந்தாள் பாப்பா. தோளில் கிடந்த ஷாலை இழுத்து மூடிக்கொண்டாள். அப்புறம் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து தள்ளி வைத்தாள். தனியாக இருக்கிற பெண் வேற்று மனிதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொண்டாள், ஒரு குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் பொறுத்து, அவர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது, போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்று தன்மையாகச் சொன்னாள். போனேன். என் வீட்டிலிருந்து நானே இறங்கி, தெருமுனைவரை நடந்து, திரும்பி வந்து புருஷனாக மணி அடித்தேன். திறந்து பார்த்து, அவர் இன்னும் வரவில்லையே பெரியவரே என்றாள். அதற்கப்புறம் பல சாயங்காலம் இப்படித்தான். டூட்டியிலிருந்து வரப்போகிற அந்த டிரைவர் பயலுக்காக அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, நம்பினால் நம்பு, எனக்கே அவன் மேல் பொறாமையாக இருக்கும்.

டிம்மர் மாட்டினதும் நீ சொன்னபடியே செய்தேன். வெளியே வெளிச்சம் இறங்க இறங்க உள்ளே ஏற்றினேன். மூலையில் நின்ற ஆட்கள் போய்விட்டார்கள், அழுகை நின்றது, நீ சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் முழு வெளிச்சத்தில் நானும் முழுப் பெரியவராகிவிட்டேன், முன்பாவது அவ்வப்போது சந்தேகம் வரும் அவளுக்கு, இப்போது சந்தேகமே இல்லை. அப்படி இருக்கையில் ஒரு நாள் மழை பெய்து வீடு குளிர்ந்து கிடந்தது. அவளுக்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டுச் சுவரில் உருண்டையாக ஒரு குமிழ் இருந்தால் அது ஃபேன் ரெகுலேட்டர்தான், இத்தனை வருஷக் கைப்பழக்கம் மறதிக்குள் அடங்கவில்லை, எழுந்து போய் டிம்மரைத் திருகினாள். ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றுகிறது, விளக்கு இறங்குகிறது. காற்று குறையவில்லையே என்று இன்னும் திருகினாள். நான் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஹால் மங்கிப்போய்விட்டது, சோபாவும் மேஜையும் கோடாகத்தான் தெரிந்தன. அவள் திரும்பினாள். “ஏங்க, எப்ப வந்தீங்க? சத்தமே காட்டாம உக்காந்திருக்கீங்க” என்றாள். இப்போதுதான் வந்தேன் என்றேன், வேறு என்ன சொல்வது. வந்ததும் வராததுமாக ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டது யார் என்று ஆரம்பித்தாள், செருப்பை வாசலில் தாறுமாறாக விட்டது, யாரோ கேட்டதற்குக் குடையைத் தூக்கிக் கொடுத்தது, எல்லாம் என்றைக்கோ நடந்தவை, ஒன்றையும் விடவில்லை. பட்டினி கிடந்தவன் சாப்பிடுகிற மாதிரி ஒரு வார்த்தை சிந்தாமல் வாங்கிக்கொண்டேன்.

ஏன் அப்படி என்று நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன், டாக்டரைக் கேட்கவில்லை. பளிச்சென்ற வெளிச்சத்தில் என் வழுக்கையும் தொங்குகிற கன்னமும் நரைத்த புருவமும் அவள் கண்ணில் படுகிறது, அவள் தேடுகிறவனுக்கு இதெல்லாம் கிடையாது. மங்கலில் அதெல்லாம் மறைந்து உயரமும் தோளும் குரலும்தான் மிச்சம், அது அவனுடையதாகவே இருக்கிறது. சரிதானா என்று பார்க்கக் குமிழைத் துளி ஏற்றினேன், கண்ணைச் சுருக்கினாள். இன்னும் ஏற்றினேன், பேச்சு நின்றது, ஷாலைத் தேடினாள். இறக்கினேன், விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தாள். குறைத்தால் ஏங்க, கூட்டினால் பெரியவரே. அன்றைக்கு அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் நின்று நான் அழுதேன், சந்தோஷத்தில்தான் என்று அப்போது நினைத்தேன். அதற்கப்புறம் யார் சொல்லைக் கேட்பேன் சொல். முதலில் சாயங்காலம் மட்டும் குறைத்தேன், பிறகு மத்தியானமே ஜன்னல் திரையை இழுத்துவிட ஆரம்பித்தேன், பகல் என்கிற தொல்லையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, உங்க வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையா என்று கேட்டார்கள், கண் கூசுகிறது என்றேன். சாயங்காலம் விளக்கை முழுசாக வைக்கிறீர்களா அப்பா என்று நீ கேட்கும்போதெல்லாம் வைக்கிறேன் வைக்கிறேன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மங்கலில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடிப்போம், நான் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில் மூலை நிழலை அவள் கண்டுகொள்ளவே இல்லை. டிப்போவில் என்ன நடந்தது என்று கேட்பாள், போகாத டிப்போவில் நடக்காத சண்டையெல்லாம் சொல்வேன். பாப்பா தூங்கிவிட்டாளா என்பாள், தூங்கிவிட்டாள் என்பேன். நீ அந்த நேரத்தில் அங்கே ஆபீசில் இருந்திருப்பாய். வயசான காலத்தில் எனக்கு வேறு என்ன வேண்டியிருந்தது, அதைச் சொல்.

அதற்கு விலையை அவள் கொடுத்தாள். அம்மா குளியலறையில் வழுக்கினாள் என்று உன்னிடம் சொன்னேன், பொய். சமையலறையிலிருந்து ஹாலுக்கு இறங்க ஒரு படி இருக்கிறதே, நீ சின்ன வயசில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிற படி, அதில்தான். எனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தாள். ஏங்க, சர்க்கரை போதுமா பாருங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அந்தப் படி கண்ணில் படாமல் காலை வைத்துவிட்டாள். விழுந்த சத்தம் கேட்டு நான் எழுந்து ஓட, நானும் மேஜையில் இடித்துக்கொள்ள, குமிழைத் தேடிக் கூட்டுவதற்குள் அவள் புருவம் கிழிந்து ரத்தம், வலது கை மணிக்கட்டு திரும்பிக் கிடக்கிறது. வெளிச்சம் வந்ததும் என்னைப் பார்த்து, “பெரியவரே, கொஞ்சம் தூக்கி விடுங்களேன்” என்றாள். வலியிலும் என் கை தன் தோளில் படாமல் பார்த்துக்கொண்டு எழுந்தாள். ஆஸ்பத்திரியில் உனக்குத் தெரியுமே, விளக்கு கண்ணைப் பறிக்கும். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெரியவர் ரொம்ப நல்லவர், கூடவே வந்தார், என் வீட்டுக்காரருக்கு யாராவது சொல்லி அனுப்புங்கள், டூட்டியில் இருப்பார் என்றாள். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்க இவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்றேன். இல்லவே இல்லை என்று அம்மா தலையை ஆட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே, ஏமாற்றுக்காரனைப் பார்க்கிற மாதிரி. கட்டுப் போடுவதற்குக் கையெழுத்துப் போட நான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டு டீச்சர் ஓடி வந்து ஆமாம் புருஷன்தான் என்று சாட்சி சொன்னார்கள். டாக்டர் அதட்டவில்லை, அதட்டியிருந்தால் தேவலை. வீட்டில் விளக்கு எப்படி என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். இந்தத் தடவை மணிக்கட்டோடு போயிற்று, அடுத்த தடவை இடுப்பு என்றால் அவங்க எழுந்திருக்க மாட்டாங்க, முழு வெளிச்சத்தில் வையுங்கள் என்றார்.

அவளை உட்கார வைத்துவிட்டு விளக்கைக் குறைத்துக்கொண்டால் என்ன என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் யோசித்தேன், திருடனுக்கு வழி தோன்றாமல் இருக்குமா. நடக்காது பாப்பா. நான் யார் என்று தெரிந்துவிட்டால் அவள் உட்கார மாட்டாள். டீ வேண்டுமா, துண்டு எங்கே, சாப்பிட்டீர்களா என்று எழுந்து நடக்கிறாள், கட்டுப் போட்ட கையோடு அடுப்புக்குப் போகிறாள். பெரியவர் முன்னால்தான் அடக்கமாக உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். அவள் என்னைத் தெரிந்துகொள்வதுதான் அவளுக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் எல்லா விளக்கும் முழுசாக எரிகிறது. பீரோக் கண்ணாடி முன்னால் அவளுக்குத் துணையாக நடந்தபோது நின்று உள்ளே பார்த்தாள், கட்டுப் போட்ட ஒரு வயசான அம்மாவும் பக்கத்தில் நானும். உங்க வீட்டுக்காரம்மாவும் கூட வந்திருக்காங்களா, பாவம், அவங்களுக்குக் கையில என்ன என்று விசாரித்தாள். ஆமாம், விழுந்துவிட்டாள் என்றேன். நல்லா பாத்துக்கங்க என்று எனக்குப் புத்தி சொன்னாள்.

குமிழ் சுவரில் இருக்கிறவரை என் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். எதிரே போகிறபோதெல்லாம் விரல் அரிக்கிறது, ஒரு நிமிஷம் மட்டும், ஒரே ஒரு ஏங்க மட்டும் என்று மனசு கெஞ்சுகிறது. அதனால் டெஸ்டரைக் கூப்பிட்டு எல்லா டிம்மரையும் கழற்றிவிட்டுப் பழையபடி சுவிட்சே போடு, போட்டால் எரியணும் அணைத்தால் அணையணும், நடுவில் ஒன்றும் வேண்டாம் என்றேன். நல்லாதானே வேலை செய்யுது சார் என்றான். அதுதான் கஷ்டம் என்றேன், அவனுக்குப் புரியவில்லை, மறுநாள் காலை வருகிறேன் என்று போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை செய்தேன். டீயை நானே போட்டு முன்னாலேயே கொண்டுவந்து வைத்தேன், அவளைச் சோபாவில் உட்கார வைத்தேன், குமிழை இறக்கிவிட்டு ஓடிப்போய் அவள் எழுந்திருக்க முடியாதபடி பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். “என்னங்க இது, பாப்பா பாக்கப்போறா” என்று கையை உருவப் பார்த்தாள். பாப்பா தூங்கிவிட்டாள் என்றேன். அப்புறம், எப்படி அதைச் சொல்ல வந்தது என்று எனக்கே தெரியவில்லை, எனக்கு வெளியூர் டூட்டி போட்டிருக்கிறார்கள், திரும்பி வர நாளாகும் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நான் அழுவது மங்கலில் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, “நேரத்துக்குச் சாப்பிடுங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாமப் போய்ட்டு வாங்க” என்றாள். டீ ஆறுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். நானே எழுந்து போய் வெளிச்சத்தைக் கூட்டினேன். முதுகைக் காட்டிக்கொண்டுதான் கூட்டினேன், அவள் முகம் மாறுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மறுநாள் டெஸ்டர் வந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். நீ ஆசையாக அனுப்பினவற்றை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன், தப்பாக நினைக்காதே. இப்போது அம்மா முன்போல் வாசலைப் பார்த்துக்கொண்டு தவிப்பதில்லை, அவர் வெளியூர் டூட்டியில் இருக்கிறார், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள், டீச்சரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ராத்திரி அறைக்குள் விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், நான் ஹால் சோபாவில் படுக்கிறேன். டூட்டி முடிந்து டிப்போவில் தகரப் பெட்டி மேல் படுத்துப் பழகியவனுக்கு சோபா பெரிய சொகுசு, அதற்காக வருத்தப்படாதே. கை எலும்பு கூடி வருகிறது என்கிறார்கள், மற்றது எதுவும் கூடி வராது. இனி அவள் என்னை ஏங்க என்று கூப்பிடுவாள் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை, இருக்கிற மாதிரி உன்னிடம் நடிக்கவும் இனித் தெம்பில்லை. நான் உயிரோடு பக்கத்தில் இருக்க, அவள் என்னை வழியனுப்பி வைத்துவிட்டாள். நேற்று சாயங்காலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், உங்களுக்கு வீடு வாசல் இல்லையா பெரியவரே, உங்களைத் தேட ஆள் இல்லையா என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். மனசு கேட்காமல், அப்ப அவர் வர்ற வரைக்கும் இங்கயே இருந்துக்குங்க, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார் என்றாள். இந்த வீட்டில் நான் இருப்பதற்கு உத்தரவு இப்போது அதுதான்.

இதைப் படித்துவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வராதே, குட்டியின் பள்ளிக்கூடம் முடியட்டும், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிறபோது சேர்ந்தே வாருங்கள். நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அது வேண்டாம். குட்டியை இருட்டில் படிக்க விடாதே. உங்கள் வீட்டில் எங்காவது படி இருந்தால் அதன் விளிம்பில் பளிச்சென்று ஒரு பட்டை ஒட்டிவை, சிரிக்காதே, ஒட்டிவை. நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்து வாழ வேண்டும், என்னிடம் இருக்கிற ஆசீர்வாதம் இதுதான், முழுசையும் உனக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் குரலை அவள் ஒரு நாளும் அடையாளம் தெரியாமல் விட்டதில்லை, போனில் உனக்கு முகம் இல்லை, அதனால் தப்பித்தாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா, எப்படி இருக்கீங்க என்று கேட்டாய். நீ வைத்தபிறகு அவள் வெகுநேரம் நிலைகொள்ளாமல் நடந்தாள். “எம் பொண்ணு உங்கள எதுக்கு அப்பாங்கறா? அவ அப்பா வந்து கேட்டா மனசு ஒடஞ்சுபோவார்” என்று சொல்லி அழுதாள். அதனால் இனிமேல் அவள் காதுபட என்னை அப்படிக் கூப்பிடாதே பாப்பா. பெரியவரே என்று கூப்பிடு, வாய் வரவில்லை என்றால் ஐயா என்று சொல், நான் திரும்பிப் பார்ப்பேன். அப்பா எங்கேம்மா என்று அவளையே கேள். வெளியூர் டூட்டி, வந்துடுவார் என்பாள். சரிம்மா என்று கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
அவள் பார்க்காத இந்தத் தாளில் மட்டும்,
உன் அப்பா